பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா சாப்பாடு

சாயங்காலம் ஆகிவிட்டால் சென்னை பீச் ரயில் நிலையத்துக்கு எதிரே, செகண்ட் லைன் பீச் தெருவில் நிற்க இடம் கிடைக்காது. தள்ளுவண்டிகளில் ஆரஞ்சு நிற நூடுல்ஸ் குன்றாகக் குவிந்திருக்கும். புதிதாக வருபவர் அந்த நிறத்தைப் பார்த்துக் கொஞ்சம் தயங்குவார். பக்கத்தில் நிற்பவர் இரண்டாவது தட்டு கேட்பதைப் பார்த்ததும் தயக்கம் போய்விடும்.

இதுதான் அத்தோ. பர்மாவின் சாலட் வகைகளில் ஒன்று. சைனீஸ் கடைபோல வாணலியில் போட்டு வதக்குவதில்லை. ஒரு பிடி நூடுல்ஸ், மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், வெங்காயம், உப்பு, மிளகாய்த்தூள், புளித்தண்ணீர், பூண்டு வறுத்த எண்ணெய் எல்லாவற்றையும் கிண்ணத்தில் போட்டு, பேஜோ என்கிற மொறுமொறுப்பான தட்டையை மேலே நொறுக்கி, கையாலேயே பிசைந்து நீட்டுவார் கடைக்காரர். முதலில் புளிப்பு, பிறகு காரம், கடைசியில் பூண்டு வாசனை. யோசித்துப் பார்த்தால் இதில் நம் வீட்டு அடுக்களையில் இல்லாத சாமான் என்று எதுவுமே இல்லை. சேர்க்கிற விதம்தான் வேறு.

கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப் தருவார்கள். வேகவைத்த முட்டையைக் கீறி, வறுத்த வெங்காயமும் பூண்டும் அடைத்து, புளித்தண்ணீர் விட்டுத் தருவது முட்டை பேஜோ. அதை ஒரே வாயில் போட்டுக்கொள்வதுதான் இங்கே வழக்கம்.

இந்தச் சாப்பாடு கப்பலில் வந்தது. வியாபாரிகளாகவும் கூலிகளாகவும் போன தமிழர்கள் பர்மாவில் தலைமுறைகளாக வேரூன்றியிருந்தார்கள். 1962-ல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகள் அரசுடைமையாயின. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. லட்சக்கணக்கான இந்தியர்கள் ஏறக்குறைய வெறுங்கையோடு கிளம்பினார்கள். சென்னைக்கு வந்தவர்களின் பிழைப்புக்காக 1969-ல் உருவானதுதான் பர்மா பஜார். வெளிநாட்டுச் சாமான்களுக்குப் பேர்போன அந்தக் கடைவரிசைக்குப் பக்கத்திலேயே அத்தோ வண்டிகளும் காலூன்றின. தரைவழியாகப் பர்மாவுக்கே திரும்பப் பார்த்துத் தடுக்கப்பட்ட சிலர், மணிப்பூர் எல்லையில் உள்ள மோரே ஊரில் தங்கிவிட்டார்கள். அங்கே இன்றும் தமிழர் கோயில் உண்டு.

ஆனால் செகண்ட் லைன் பீச்சில் சாப்பிட்டுவிட்டு பர்மா சமையலையே பார்த்தாயிற்று என்று நினைத்துவிடக் கூடாது. அந்நாட்டின் தேசிய உணவாகச் சொல்லப்படும் மொஹிங்கா, மீன் குழம்பில் அரிசிச் சேவையைப் போட்டுத் தருவது. காலையில் சாப்பிடுவது. அதிலும் வாழைத்தண்டு உண்டு. நம் வண்டிகளில் பெரும்பாலும் மீன் கழன்றுகொண்டு தண்டு மட்டும் சூப்பில் தங்கிவிட்டது. சைவக்காரர்களுக்கு அது வசதிதான். பர்மிய அடுக்களையின் உயிர்நாடியான ஙப்பி என்கிற புளித்த மீன் விழுதையும், தேயிலையையே புளிக்கவைத்துப் பிசையும் லபெத் சாலட்டையும் வண்டிக் கடைகளில் தேடினால் ஏமாற்றம்தான். வாசனை கடுமையான ஙப்பிக்கு இங்கே எத்தனை பேர் தட்டை நீட்டுவார்கள் என்பதும் சந்தேகமே.

முதல் முறை போகிறவர்கள் பிசைவதற்கு முன்பே காரத்தைக் குறைக்கச் சொல்லிவிடுவது நல்லது. பிசைந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. பார்சல் வாங்கினால் பேஜோவைத் தனியாகக் கட்டித் தரச் சொல்ல வேண்டும். புளித்தண்ணீரில் ஊறிவிட்டால் வீடு போய்ச் சேர்வதற்குள் அது நமத்துவிடும்.