உப்புக்காற்றில் ஓடும் பழைய காருக்கு எந்த ஷாக், எந்த ஸ்பிரிங்?

1999இல் மறைமலைநகரிலிருந்து வரத் தொடங்கிய ஃபோர்டு ஐகான், வளைவிலும் சாலையைக் கவ்விப்பிடித்து ஓடுவதற்காகவே விரும்பப்பட்ட கார். அதன் 1.6 லிட்டர் பெட்ரோல் வண்டியைத் தூத்துக்குடியில் இன்றும் ஓட்டுபவர், ஷாக்கும் ஸ்பிரிங்கும் மாற்றுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

முதலில் வேலைப் பிரிவினை. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் அமுங்கி எழும் ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். வேகத்தடை தாண்டியபின் வண்டி இரண்டு மூன்று முறை ஆடினாலோ, டயர் திட்டுத்திட்டாகத் தேய்ந்தாலோ, ஷாக்கின் மேல் எண்ணெய் வழிந்தாலோ சந்தேகம் ஷாக்கின் மேல். வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து நின்றால் ஸ்பிரிங்கைப் பாருங்கள்.

இந்த ஊரில் இரண்டையும் கெடுப்பது உப்பு. ஸ்பிரிங்கில் பெயின்ட் உரிந்த இடத்தில் துரு குழி பறிக்கும்; அந்தக் குழியிலிருந்துதான் விரிசல் கிளம்பும். மணலும் ஈரமும் தங்கும் அடிச்சுற்று பெரும்பாலும் முதலில் உடையும். ஷாக்கின் பளபளக்கும் தண்டில் துரு விழுந்தால், ஒவ்வொரு அசைவிலும் அது ஆயில் சீலைக் கிழிக்கும். ஆகவே பழைய வண்டியில் கழற்றிய ஸ்பிரிங்கை வாங்கிப் போடாதீர்கள். பூச்சு முழுமையாக உள்ள புது ஸ்பிரிங்கையும், தண்டை மூடும் ரப்பர் டஸ்ட் கவரையும் கேட்டு வாங்குங்கள்.

வண்டியைத் தாழ்த்துவதற்காக ஸ்பிரிங்கின் சுற்றை வெட்டுவது ஆபத்து. சுற்று குறையக் குறைய விறைப்பு கூடும். வெட்டிய முனை தன் இருக்கையில் சரியாக உட்காராது. தடித்த கம்பி ஸ்பிரிங்கிலும் கவனம் வேண்டும். மற்ற அளவுகள் மாறாமல் கம்பியின் தடிமன் மட்டும் 10 விழுக்காடு கூடினால் விறைப்பு சுமார் 46 விழுக்காடு ஏறும். பழைய ஷாக்கால் அதை அடக்க முடியாது. கன்டெய்னர் லாரிகள் ஓடி அலையலையாகிப் போன துறைமுகச் சாலையில் டயர் தரையை விட்டுத் துள்ளும். பிரேக்கும் பிடிமானமும் அப்போதுதான் குறையும். பழைய ஸ்போர்ட்டி காரின் சுகம் திரும்ப வேண்டுமானால் கம்பெனி கொடுத்த அளவு ஸ்பிரிங்கும் நல்ல கேஸ் ஷாக்கும் போதும். கேஸ் ஷாக்கில் அழுத்தத்துடன் இருக்கும் நைட்ரஜன், தொடர்ந்து குலுங்கும்போது எண்ணெய் நுரைப்பதைக் குறைக்கும்.

வாங்கும்போது பார்ட் நம்பரை ஒப்பிடுங்கள். டீசல் எஞ்சின் கனமானது. டீசல் ஐகானின் முன் ஸ்பிரிங்கைப் பெட்ரோல் வண்டிக்குப் போட்டால் முன்பக்கம் தூக்கி நிற்கக்கூடும். இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். மேல் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் மூன்றையும் புதிதாகப் போடுங்கள். பழையது மிஞ்சினால் கடகடச் சத்தமும் மிஞ்சும். ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த முன் ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் இருக்கும். உரிய கம்ப்ரசர் இல்லாமல் நட்டைக் கழற்றினால் உயிருக்கே ஆபத்து. அந்தக் கருவி உள்ள பட்டறைக்கே போங்கள்.

பொருத்தியதும் வீல் அலைன்மென்ட் பாருங்கள். அதன்பின் வாரம் ஒருமுறை வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவினால், போட்ட பணம் பல ஆண்டு உழைக்கும்.