உங்களுக்குத் தெரியுமா? – மலையேறும் தோட்டத்துச் சப்பாத்து

பட்டர்வொர்த்திலிருந்து புக்கிட் மெர்தாஜாம் மலைக்கோ, கெடாவின் குனோங் ஜெராய்க்கோ (1,217 மீட்டர்) போனால், ஏறுகிறவர்களின் காலைக் கவனியுங்கள். விலையுயர்ந்த பூட்ஸுக்குப் பக்கத்திலேயே கறுப்பு ரப்பர் சப்பாத்து ஒன்று ஏறிக்கொண்டிருக்கும். பால்மரம் சீவியவர்கள் போட்டது. செல்லப்பெயர் ‘அடிடாஸ் கம்போங்’. அந்த ஜெர்மன் கம்பெனிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 10, 15 வெள்ளிக்கே கிடைக்கும்.

முழுவதும் ரப்பர் வார்ப்பு. தையல் கிடையாது, பிய்ந்துபோக ஏதுமில்லை. அடியிலுள்ள குமிழ்கள் சேற்றைக் கவ்வும். ஓடையில் இறங்கினால் தண்ணீரைக் கொட்டிவிட்டு நடக்க வேண்டியதுதான். கூர்ங்கல் பாதத்தில் குத்தும், அது வேறு விஷயம்!

விறைப்பான பூட்ஸ் பிறந்த மண் வேறு. 1935-இல் ஆல்ப்ஸ் மலையில் நண்பர்கள் 6 பேரை இழந்த இத்தாலியர் விட்டாலே பிரமானி, 1937-இல் ஆழமான பள்ளங்கள் கொண்ட ரப்பர் அடிப்பாகத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதுதான் விப்ரம். பாறைச் சரிவில் சுமையோடு குறுக்கே நடக்கும் வேட்டைக்காரருக்கு வளையாத அடிப்பாகம்தான் துணை: விளிம்பு ஊன்றி நிற்கும், பாதம் சீக்கிரம் சோராது.

நம் ஊர்ப் புழுக்கத்தில் அதற்கு ஒரு சங்கடம். பல பூட்ஸ்களின் நடு அடுக்கு பாலியூரித்தேன்; காற்றின் ஈரமே அதை மெல்லச் சிதைத்துவிடும். பெட்டியைவிட்டு வெளியே வராத ஜோடிகூடச் சில ஆண்டுகளில் மலைப்பாதையில் வாயைப் பிளக்கும். கிளம்புமுன் நடு அடுக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்போ உதிரும் பொடியோ தெரிந்தால் அதைப் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள்.