அழிவுள்ள முடியும் ஒரு சிறுவனின் கல்லறையும்

கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில், பந்தய வீரர் அழிந்துபோகும் முடிக்காகவே பாடுபடுகின்றனர் என்று பவுல் சுட்டிக்காட்டுகிறார். இப்பகுதியைப் பிரசங்கிக்கும்போது நாம் பெரும்பாலும் இச்சையடக்கத்தையே வலியுறுத்துகிறோம். ஆயின் அம்முடியின் பின்னே பலைமோன் என்னும் சிறிய கடல் தெய்வத்தின் கதை உண்டு. அதனை அறிவது நமக்குப் பயன் தரும்.

பலைமோனின் முந்தைய பெயர் மெலிகெர்த்தெஸ். அவன் தாய் இனோ, தீப்ஸ் அரசன் காத்மஸின் மகள். தாயை இழந்த தியொனீசுவை அவள் வளர்த்தமையால் ஹேரா தேவி சினந்து, இனோவின் கணவன் அதாமாசுக்குப் பித்துப் பிடிக்கச் செய்தாள். அவன் மூத்த மகனைக் கொன்றான். இளைய மகனை ஏந்தியவாறே இனோ பாறையினின்று கடலிற் குதித்தாள். சிறுவனின் உடலை ஒரு டால்பின் கொரிந்துப் பூசந்திக்குச் சுமந்து வந்தது. கொரிந்தின் அரசன் சிசிபஸ் அதனை அடக்கம்பண்ணி, அவன் நினைவாக இஸ்த்மிய விளையாட்டுகளை ஏற்படுத்தினான் என்பது புராணம். தாய் லூக்கோத்தேயா என்றும் மகன் பலைமோன் என்றும் தெய்வங்களாயினர். மாலுமிகள் ஆபத்தில் அவர்களை வேண்டினர்.

சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆஸ்கர் புரோனீர் 1952இல் இஸ்த்மியாவில் பொசைடன் கோயிலைக் கண்டுபிடித்தார். அதனருகே பலைமோனின் வழிபாட்டிடமும், காளைகளைத் தகனித்த குழிகளும், விளக்குகளும் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அக்குழிகளுள் முந்தியது கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குரியது; அஃதாவது ஏறத்தாழப் பவுலின் காலம்.

இரண்டாண்டுக்கு ஒருமுறை நடந்த அவ்விளையாட்டுகளில் வென்றோர்க்குப் பைன் தழையோ உலர்ந்த செலரித் தழையோ முடியாகச் சூட்டப்பட்டது. செலரியோ கிரேக்கரிடையே கல்லறையோடும் துக்கத்தோடும் இணைந்த செடி. உலர்ந்த செலரி முடி, தலையில் ஏறும்போதே வாடியிருந்தது.

பவுல் இக்கதையை மனதிற்கொண்டே எழுதினார் என்று நாம் கூறத் துணியோம். எனினும் கொரிந்து நகரத்தார் அதை அறிந்திருந்தனர் எனக் கொள்வது தகும். ஒரு குழந்தையின் சாவைப் பொறுக்கமாட்டாத மக்கள் அவனைத் தெய்வமாக்கினர். அலைகளில் மாண்டவனிடமே அலைகளினின்று காக்குமாறு மன்றாடினர். இதனை மூடத்தனம் என்று நகைப்பது எளிது. அதனுள் இருக்கும் கண்ணீரைக் காண்பதே போதகருக்கு அழகு.

அதே நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரம் இக்கண்ணீருக்கு மறுமொழி தருகிறது. மரித்தோர் தெய்வங்களாவதில்லை; அவர்கள் எழுப்பப்படுவர் என்பதே அங்குள்ள நம்பிக்கை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன் நாம் நிற்கும் நாளில், வாடாத முடியைப் பற்றிய நம் பேச்சு பந்தயத்திடலோடு நின்றுவிடலாகாது. கல்லறை வரைக்கும் அது செல்லவேண்டும்.