பல்லாவரத்தில் பாறை, பள்ளிக்கரணையில் சதுப்பு: உங்க அபார்ட்மென்ட் எது மேல நிக்குது?

தாம்பரம், மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் ஃபிளாட் தேடுறவங்க முதல்ல விசாரிப்பது சதுர அடி ரேட், பார்க்கிங், தண்ணீர் வசதி. கீழே என்ன மண் இருக்குன்னு கேட்பவர்கள் குறைவு. ஆனால் பல மாடிக் கட்டிடத்துக்கு அதுதான் முதல் கேள்வி.

மௌலிவாக்கம் ஞாபகம் இருக்கா?

2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை. போரூர் அருகே மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டிடம் இடிந்து விழுந்தது. 61 பேர் பலி. பெரும்பாலும் கட்டுமானத் தொழிலாளர்கள். மின்னல் தாக்கியதுதான் காரணம் என்று கட்டுமானத் தரப்பில் சொல்லப்பட்டது. விசாரணைக்கு நீதிபதி ரகுபதி கமிஷன் அமைக்கப்பட்டது. பக்கத்தில் நின்ற இன்னொரு டவரும் பாதுகாப்பானது இல்லை என்று முடிவாகி, 2016 நவம்பர் 2-ல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

சில கிலோமீட்டரில் மாறும் மண்

பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலைப் பகுதியில் இருப்பது சார்னோகைட் என்ற கெட்டியான பாறை. பல இடங்களில் பாறை அதிக ஆழத்தில் இருக்காது. அங்கிருந்து பத்து கிலோமீட்டருக்குள் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் வந்துவிடும். சதுப்பை ஒட்டிய பகுதிகளில் மென்மையான களிமண் இருக்கும். எடை ஏறினால் அது மெதுவாக அமுங்கும்.

கட்டிடம் முழுக்க ஒரே அளவில் அமுங்கினால் பாதிப்பு குறைவு. ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக இறங்கினால்தான் சிக்கல்: சுவரில் சாய்வான விரிசல் விழும், பில்லர்களில் எடை தாறுமாறாகப் பிரியும்.

இன்ஜினியர்கள் என்ன செய்வாங்க?

முதலில் மண் பரிசோதனை. தரையில் துளை போட்டு, 63.5 கிலோ எடையை 75 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிடுவார்கள். சோதனைக் குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி தேவைப்படுது என்று எண்ணுவார்கள். எண்ணிக்கை குறைந்தால், மண் பலவீனம் என்று அர்த்தம்.

மண் கெட்டியாக இருந்தால், ஒவ்வொரு பில்லருக்கும் தனித்தனி அடித்தளம் போதலாம். சுமாரான மண் என்றால், கட்டிடம் முழுவதற்கும் ஒரே தடிமனான கான்கிரீட் தளம் போடுவார்கள். இதுதான் ராஃப்ட். ரொம்ப மென்மையான மண்ணில் பைல் தேவைப்படும். அதாவது, ஆழமாகத் துளையிட்டு, கம்பிக்கூடு இறக்கி, கான்கிரீட் நிரப்பி, எடையைக் கீழே உள்ள கெட்டி அடுக்குக்குக் கடத்துவது. செலவும் கூடும், நாளும் கூடும். ஆசை காட்டி மிச்சம் பிடிக்க வைக்கும் இடமும் இதுதான்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேளுங்க

* மண் பரிசோதனை அறிக்கை இருக்கா? எத்தனை இடத்தில், எவ்வளவு ஆழம் துளை போட்டாங்க?
* அஸ்திவாரம் எந்த வகை? ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் யார்?
* 28-வது நாள் கான்கிரீட் க்யூப் டெஸ்ட் முடிவு என்ன? எம்25 கான்கிரீட் என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்கணும்.
* ரெரா பதிவு எண் என்ன?

ரெரா சட்டப்படி, சாவி கொடுத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்து நீங்கள் தெரிவித்தால், பில்டர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். ஆனால் களிமண் அமுங்க அதைவிட அதிக வருஷம் ஆகலாம். உங்க ஹோம் லோனும் 20 வருஷம் ஓடும். அதனால அந்த மண் அறிக்கையைக் கேட்க சரியான நேரம், கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடிதான்.