ஐந்து பேருக்கு மூன்று பேர் கணக்கு! அமெரிக்க அரசியல் சாசனத்தின் அதிரவைக்கும் பேரங்கள்

1787, மே 25 முதல் செப்டம்பர் 17 வரை பிலடெல்பியாவில் கூடி அமெரிக்க அரசியல் சாசனத்தை எழுதியவர்கள் 55 பேர். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அடிமைகளை வைத்திருந்தவர்கள் என்பது தெரியுமா? கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் வாஷிங்டன், தன் அடிமை வில்லியம் லீயையும் அழைத்துக்கொண்டுதான் வந்தார்!

மக்கள்தொகைப்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் பிரதிநிதிகள் சபையில் இடம். சரி, அடிமைகளை மக்கள்தொகையில் சேர்ப்பதா? "முழுசாகச் சேர்க்க வேண்டும்" என்றது யார் தெரியுமா? அவர்களை அடிமையாக வைத்திருந்த தென் மாநிலங்கள்! காரணம் இருக்கிறது. ஓட்டுப் போடப் போவது அடிமைகள் அல்ல. அவர்கள் தலையை எண்ணிக் கிடைக்கும் இடங்களில் உட்காரப் போவது எஜமானர்களின் ஆட்கள். கடைசியில் ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணுவது என்று முடிவானது.

இதன் பலன் என்ன? 1790 கணக்கெடுப்பைப் பாருங்கள். வர்ஜீனியாவில் அடிமையல்லாத மக்கள் சுமார் 4,55,000. பென்சில்வேனியாவில் சுமார் 4,30,000. 33,000 பேருக்கு ஓர் இடம் என்று வகுத்தால் இரண்டுக்கும் தலா 13 இடங்கள்தான். ஆனால் வர்ஜீனியாவில் 2,92,627 அடிமைகள் இருந்தார்கள். அவர்களில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்த்ததும் வர்ஜீனியாவுக்கு 19 இடங்கள்! பேச வாயே இல்லாத மனிதர்களைக் காட்டி ஆறு இடங்கள். இதைவிடப் பெரிய அநியாயக் கணக்கு இருக்க முடியுமா?

ஜனாதிபதித் தேர்தலும் இதே எண்ணிக்கையை வைத்துத்தான். 1800 தேர்தலில் தாமஸ் ஜெபர்சனுக்கு 73 தேர்வாளர் வாக்குகள், ஜான் ஆடம்ஸுக்கு 65. அடிமைகளால் கிடைத்த கூடுதல் வாக்குகள் இல்லையென்றால் ஆடம்ஸே வென்றிருப்பார் என்கிறார்கள் வரலாற்று ஆய்வாளர்கள் பலர்.

1787 ஆகஸ்டில் அதே பிலடெல்பியா கூட்டத்தில் நடந்த பேரம் இன்னும் மோசம். கடல் வணிகச் சட்டங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்ற நிபந்தனையைத் தெற்கு கைவிட்டது. பதிலுக்கு, கப்பல் தொழிலை நம்பியிருந்த வடகிழக்கு மாநிலங்கள் அடிமை இறக்குமதிக்குத் தலையாட்டின. 1800 வரைதான் என்று இருந்ததை 1808 வரை நீட்டினார்கள். அதற்கு முன் அந்தப் பிரிவைத் திருத்தவே முடியாதபடி சாசனத்திலேயே பூட்டும் போட்டார்கள்! 1803 முடிவில் துறைமுகத்தைத் திறந்துவிட்ட தென் கரோலினா, நான்கே ஆண்டுகளில் சுமார் 40,000 ஆப்பிரிக்கர்களை இறக்கியது.

இவ்வளவும் எழுதிய சாசனத்தில் 'அடிமை' என்ற சொல் ஓரிடத்தில்கூடக் கிடையாது, தெரியுமா? "மற்ற நபர்கள்" என்று எழுதி மூடிவிட்டார்கள்.

தப்பி ஓடியவர் எந்த மாநிலத்துக்குப் போனாலும் பிடித்துத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். அந்த வலையில் சிக்காத ஒரு பெண் ஓனா ஜட்ஜ். வாஷிங்டனின் மனைவிக்குப் பணிவிடை செய்தவர். அப்போது பென்சில்வேனியாவில் ஆறு மாதம் தொடர்ந்து தங்கினால் அடிமைக்கு விடுதலை கேட்கும் உரிமை இருந்தது. அதைத் தவிர்க்க, ஜனாதிபதி வாஷிங்டன் தன் அடிமைகளை அவ்வப்போது மாநில எல்லைக்கு வெளியே அனுப்பி அழைத்தார்! 1796 மே மாதம் ஓனா பிலடெல்பியாவில் இருந்த வாஷிங்டனின் வீட்டைவிட்டு வெளியேறி, கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயர் போய்ச் சேர்ந்தார். ஆள் அனுப்பியும் வாஷிங்டனால் அவரைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. 1848இல் இறக்கும்வரை சட்டத்தின் கண்ணில் அவர் அடிமைதான். என்ன ஒரு துணிச்சல்!

இன்னொன்று. 1861இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றி மாநிலங்களுக்கு அனுப்பிய சாசனத் திருத்தம் அடிமை முறையை ஒழிக்க அல்ல. மாநிலங்களில் அதன்மேல் மத்திய அரசு என்றைக்கும் கை வைக்கக் கூடாது என்பதற்கு! உள்நாட்டுப் போர் மூண்டதால் அது அப்படியே நின்றது. அடிமை முறையை ஒழித்த 13ஆம் திருத்தம் 1865இல் வந்தது. மிசிசிப்பி மாநிலம் அதற்கு ஒப்புதல் அளித்தது 1995இல். அந்த ஒப்புதல் முறைப்படி பதிவானது 2013 பிப்ரவரியில்.