உளூவும் மூக்கில் ஏற்றும் நீரும்

ஐந்து வேளைத் தொழுகைக்கும் தனித்தனியாக உளூ செய்து, ஒவ்வொரு முறையும் மும்முறை மூக்கைச் சுத்தம் செய்பவர், நாளொன்றுக்குப் பதினைந்து தடவை மூக்கில் நீர் செலுத்துகிறார். தூசியும் சளியும் அகலும் நல்ல பழக்கம் இது. ஆனால் அந்த நீர் எத்தகையது என்று நம்மில் பலர் யோசிப்பதே இல்லை.

கராச்சி தந்த எச்சரிக்கை

பாகிஸ்தானின் கராச்சியில் 2008, 2009 ஆண்டுகளில், 17 மாத காலத்துக்குள் 13 பேருக்கு ‘நெக்லேரியா ஃபௌலேரி’ என்ற அமீபாவால் மூளைக்காய்ச்சல் வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்தனர். பெரும்பாலும் குளத்தில் குளிப்பவர்களுக்கு வரும் நோய் என்றே அதுவரை அறியப்பட்டிருந்தது. இவர்களில் ஒருவரைத் தவிர யாரும் நீந்தப் போனவர்கள் அல்லர். உளூவின்போது மூக்கில் ஏற்றிய குழாய் நீர் மீதுதான் சந்தேகம் விழுந்தது. 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில், குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர் இதே நோயால் இறந்தனர்.

மிக அரிதான நோய்தான். ஆனால் தாக்கினால் பிழைப்பவர் நூற்றுக்கு மூவர்கூட இல்லை.

வாய்க்குத் தீங்கில்லை, மூக்குக்குத்தான்

இந்த அமீபா உள்ள நீரைக் குடித்தாலும் கொப்பளித்தாலும் நோய் வராது. ஒருவரிடமிருந்து மற்றவருக்கும் தொற்றாது. மூக்கின் மேற்பகுதிக்கு நீர் ஏறும்போதுதான் ஆபத்து. அங்கிருந்து வாசனை நரம்பு வழியாக அது மூளைக்குள் நுழைகிறது. வெதுவெதுப்பான நன்னீரில் செழிக்கும். 46 டிகிரி செல்சியஸ் வெப்பத்தையும் தாங்கும். கோடையில் மொட்டைமாடித் தொட்டி நீர் எப்படிச் சுடுகிறது என்பதை நாம் அறிவோம். குளோரின் குறைந்து, அடியில் வண்டல் படிந்த தொட்டி அதற்கு வசதியான இடம்.

என்ன செய்யலாம்?

இதற்குப் பயந்து உளூவைக் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. முகம், கை, கால் கழுவ வழக்கமான நீரே போதும். மூக்குக்கு மட்டும், ஒரு நிமிடம் நன்றாகக் கொதித்து ஆறிய நீரைத் தனிப் பாத்திரத்தில் மூடி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்கு ஒரு டம்ளர் தாராளம். நபிகள் நாயகம் முழு உளூவையும் ஒரு ‘முத்து’ நீரில், அதாவது ஏறத்தாழ முக்கால் லிட்டரில் முடித்ததாக நபிமொழி நூல்கள் சொல்கின்றன.

நீரை வேகமாக உறிஞ்ச வேண்டாம். நோன்பாளி மூக்கில் ஆழமாக நீர் செலுத்தக் கூடாது என்பது நாம் அறிந்த சட்டம்தானே! அந்த மென்மையை எல்லா நாளும் கடைப்பிடிக்கலாம். ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளில் உளூவில் மூக்குக்கு நீர் செலுத்துவது சுன்னத், ஃபர்ளு அல்ல. ஐயமிருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று: ஹவுலையும் மேல்நிலைத் தொட்டியையும் தவறாமல் வடித்து, தேய்த்துக் கழுவுங்கள். குளோரின் அளவையும் பாருங்கள். ரமலானில் வாங்கும் விரிப்புகளைவிட இது முக்கியம்.

காலம் தாழ்த்தாதீர்கள்

கடுமையான தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு, மனக்குழப்பம் ஆகியவை நீர் ஏறிய 12 நாட்களுக்குள் தெரியலாம். சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். 2024இல் கோழிக்கோடு மாவட்டத்தின் 14 வயதுச் சிறுவன் ஒருவன் இந்த நோயிலிருந்து மீண்டான்; நோயை முன்கூட்டியே கண்டுபிடித்தது அவனுக்குப் பெரிய துணையானது. மருத்துவமனைக்குப் போனதும், சமீபத்தில் மூக்கில் நீர் ஏறியதையும் அது எந்த நீர் என்பதையும் மருத்துவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.