பரணில் உறங்கும் காணொலிகள்

மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரை ஓடிய மீட்டர்கேஜ் ரயில் 2010-ஆம் ஆண்டின் இறுதியோடு நின்றது. அகலப் பாதையில் தேனிக்கு மீண்டும் ரயில் வந்தது 2022 மே மாதத்தில். போடி வரை அது நீண்டது 2023 ஜூனில். இடைப்பட்ட காலத்தில் பிறந்து வளர்ந்த சிறுவர்களுக்கு ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்து வந்த அந்தச் சிறிய ரயிலைக் காட்ட வேண்டுமானால் எங்கே தேடுவது? ஆவணக் காப்பகத்தில் ரயில் பாதை பற்றிய கோப்புகள் கிடைக்கலாம். ஓடும் ரயில் கிடைக்காது. அது யாரோ ஒருவர் வீட்டுப் பரணில், மாப்பிள்ளை வீட்டார் வந்திறங்கும் காட்சியின் பின்னணியில், ஒரு திருமண கேசட்டுக்குள் இருக்கக்கூடும்.

கடந்த 40 ஆண்டுகளின் அன்றாட வாழ்க்கை பெரும்பாலும் இப்படித்தான் பதிவாகியிருக்கிறது. காதணி விழா, புதுமனை புகுவிழா, வீரபாண்டி சித்திரைத் திருவிழா ஆகியவற்றுக்காக எடுக்கப்பட்ட படங்களில் அன்றைய கடைவீதியும், திராட்சைப் பந்தலும், மறைந்துபோன பெரியவர்களின் நடையும் பேச்சும் தாமாகவே வந்து சேர்ந்துள்ளன. இவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. கோடிகள் புரண்ட திரைத்துறையே தன் தொடக்கக் காலத்தைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. தமிழின் முதல் பேசும் படமான 1931-ஆம் ஆண்டின் ‘காளிதாஸ்’ படத்துக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை. அதற்கு முன் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ படமும் அழிந்துவிட்டது. திரைப்படத்துக்கே இந்த நிலை என்றால், வீட்டுக் காணொலியின் கதி என்ன?

முதலில் கேசட்டுகளைப் பார்ப்போம். வி.எச்.எஸ். நாடாவில் காந்தத் துகள்களை ஒரு பசைதான் பிடித்து வைத்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது ஈரத்தை உறிஞ்சுகிறது. கோடையில் ஓட்டுக்கூரையின் கீழ் வெந்து போகிறது. நாடாவின் விளிம்பில் வெண்தூள் தென்பட்டால் அது பெரும்பாலும் பூஞ்சையாகவே இருக்கும். அத்தகைய கேசட்டை ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று இயந்திரத்தில் போடக் கூடாது. நாடா அறுந்துபோகலாம், பூஞ்சை இயந்திரத்தின் வழியே அடுத்த கேசட்டுக்கும் பரவும். நாடா நன்றாக இருந்தாலும் அதை ஓட்டக் கருவி வேண்டும். உலகில் கடைசியாக வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இருக்கும் பழைய கருவிகள் தேயத் தேய, கேசட்டைத் திறக்கும் சாவியும் தேய்கிறது.

பின்னர் வந்த மினி டி.வி. கேசட்டின் நிலை வேறு. அதில் இருப்பது ஏற்கெனவே எண்ணிமப் பதிவு. ஃபயர்வயர் இணைப்பு வழியாகக் கணினிக்கு மாற்றினால் தரம் சிறிதும் குறையாது. ஒரு மணி நேரக் காட்சி ஏறத்தாழ 13 ஜி.பி. இடம் பிடிக்கும். இன்றைய மடிக்கணினிகளில் அந்த இணைப்பே இல்லை என்பதால், மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகளை மாட்டி மாற்றித் தருவோர் உண்டு. அப்படிச் செய்தால் தரம் குறையும். பழைய கணினி ஒன்றைத் தேடிப்பிடிப்பது வீண் அலைச்சல் அல்ல.

மாற்றித் தரும் கடைக்காரர் ‘டிவிடியாகப் போட்டுத் தரட்டுமா?’ என்று கேட்பார். வேண்டாம். வீட்டில் பதியும் டிவிடியில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப் படலம், அது வெளுத்துப்போகும். கோப்பாகவே வன்தட்டில் வாங்க வேண்டும். எச்.264 முறையில் சுருக்கிய எம்பி4 கோப்பு இன்று எல்லாக் கருவிகளிலும் ஓடும். அதைப் பார்ப்பதற்கு வைத்துக்கொண்டு, மாற்றும்போது கிடைத்த பெரிய மூலக் கோப்பையும் தனியே வைப்பது நல்லது.

இன்னொன்று: திருமண வீடியோவில் ‘எடிட்’ செய்த கேசட்டைவிடச் செய்யாத கேசட்டே மதிப்பு மிக்கது. இதயங்கள் பறக்க, ரோஜா விரிய, தொடக்கம் முதல் இறுதி வரை சினிமாப் பாட்டை ஏற்றிய அந்தத் தொகுப்பில் ஒருவர் குரலும் கேட்காது. தாத்தா மொய் எழுதுமிடத்தில் யாரையோ அதட்டியது மூல கேசட்டில்தான் இருக்கும். அது வீட்டில் கிடந்தால் முதலில் காப்பாற்ற வேண்டியது அதையே.

கேசட் காலத்தோடு இந்தச் சிக்கல் முடிந்துவிடவில்லை. சின்னக்கானலில் பிடிக்கப்பட்டுப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட அரிக்கொம்பன் யானை, 2023 மே 27 அன்று கம்பம் நகருக்குள் புகுந்தது. தெருவில் யானை ஓடிய காட்சிகள் சில மணி நேரத்தில் தமிழகமெங்கும் கைப்பேசிகளில் பரவின. அப்படி வந்து சேர்ந்தவை பெரும்பாலும் மூலப் பதிவுகள் அல்ல. வாட்ஸ்ஆப் வழியே அனுப்பும்போது காணொலி சுருக்கப்படுகிறது. எடுத்த நாள், இடம் பற்றிய குறிப்புகளும் உதிர்ந்துவிடுகின்றன. மூலப் பதிவு எடுத்தவரின் கைப்பேசியில் இருந்திருக்கும். அந்தக் கைப்பேசி இப்போது அவரிடம் இருக்கிறதா என்பதே கேள்வி. உறவினரிடமிருந்து காணொலி வாங்கும்போது ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்வது எளிய வழி. அப்போது கோப்பு சுருங்காமல் வரும்.

சரி, கோப்புகள் கைக்கு வந்துவிட்டன. இனி பீரோவில் வைத்துப் பூட்டிவிடலாமா? இங்குதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஓடாமல் கிடக்கும் வன்தட்டு திடீரென்று ஒருநாள் சுழல மறுக்கும். பென் டிரைவில் தகவல் மின்னூட்டமாக நிற்கிறது. ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அது கசிந்துவிடும். எந்த நிறுவனத்தின் பொருளும் இதற்கு விலக்கல்ல. நம் முன்னோர் ஓலைச்சுவடியைக் காத்த முறையே இதற்கும் பொருந்தும். ஓலை சில நூறு ஆண்டுகளுக்கு மேல் தாங்காது என்று அறிந்தவர்கள், அது நொறுங்கும் முன்னரே புதிய ஓலையில் படியெடுத்தார்கள். படியெடுப்பார் இல்லாத சுவடிகளே ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போயின. ஓலைக்கு நூற்றாண்டுகள் அவகாசம் இருந்தது. வன்தட்டுக்கு ஐந்தாண்டு என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

ஆவணக் காப்பாளர்கள் சொல்லும் கணக்கு எளிது: மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்களில், ஒன்று மட்டும் வெளியூரில். சின்னமனூரில் இருப்பவர் ஒரு வன்தட்டைக் கோவையில் வசிக்கும் மகளிடம் கொடுத்துவைத்து, பொங்கலுக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லிச் சரிபார்க்கலாம். சரிபார்ப்பது என்றால் கோப்பின் பெயர் தெரிகிறதா என்று பார்ப்பது அன்று. ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்.எச்.ஏ.-256 போன்ற சரிபார்ப்பு எண்ணைக் கணித்துத் தரும் இலவச மென்பொருள்கள் உள்ளன. கைரேகைபோல, கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். சென்ற ஆண்டு எண்ணும் இந்த ஆண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் கோப்பு நலமாக உள்ளது. இல்லையேல் மற்றொரு பிரதியிலிருந்து மீட்டுக்கொள்ளலாம்.

இணையச் சேமிப்பை ஒரு பிரதியாக மட்டுமே கருத வேண்டும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதியை கூகுள் 2023-இல் அறிவித்தது. கணக்கு வைத்திருந்தவர் மறைந்து, கடவுச்சொல் வீட்டில் எவருக்கும் தெரியாமல் போனால், குடும்பத்தின் நினைவும் அவரோடு போய்விடும். கணக்கு செயலிழந்தால் யாரிடம் ஒப்படைப்பது என்று முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதியை அதே நிறுவனம் தருகிறது. நில ஆவணத்தைப் பத்திரப்படுத்தும் நாம் இதைச் செய்ய ஐந்து நிமிடம்கூட ஒதுக்குவதில்லை.

இவை அனைத்தையும் செய்தாலும், படத்தில் இருப்பவர் யார் என்று தெரியாவிட்டால் கோப்பு ஊமையாகிவிடும். பெயர், உறவுமுறை, ஊர், ஆண்டு ஆகியவற்றைச் சாதாரண எழுத்துக் கோப்பாகத் தட்டச்சு செய்து காணொலியோடு வைக்க வேண்டும். இதற்குக் கெடு உண்டு. 1980-களின் திருமணத்தில் பந்தியில் அமர்ந்திருப்போரை அடையாளம் சொல்லக்கூடியவர்களுக்கு இன்று 70 வயதுக்கு மேல் ஆகிறது.

எல்லாவற்றையும் குடும்பங்களின் தலையில் மட்டும் சுமத்துவது முறையன்று. காரைக்குடி அருகே கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி ஒருவராகச் சேர்த்த நூல்களும் இதழ்களும்தான் 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. அச்சுக்கு அவர் செய்ததைக் காணொலிக்குச் செய்ய ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒருவர் கிடைப்பார் என்று காத்திருக்க முடியாது. வாஷிங்டன் பொது நூலகம், மக்கள் தங்கள் பழைய கேசட்டுகளைத் தாங்களே மாற்றிக்கொள்ளக் கருவிகள் கொண்ட கூடம் ஒன்றை 2016-இல் திறந்தது. நாமும் சொத்து வரியோடு நூலக வரி செலுத்துகிறோம். தேனி மாவட்ட மைய நூலகத்தில் இதற்கென ஒரு மேசை போட முடியாதா? பழுது நீக்கிய வி.சி.ஆர். ஒன்று, மினி டி.வி. கேமரா ஒன்று, கணினி ஒன்று போதும். கோப்பு குடும்பத்துக்கே உரியது. அவர்கள் விரும்பினால் மட்டும் ஒரு பிரதி நூலகத்தில் இருக்கட்டும். கருவிகளை இயக்குவதற்கு, திருமண வீடியோ எடுத்துப் பழகி இப்போது தொழில் மெலிந்திருக்கும் ஸ்டுடியோக்காரர்களையே அமர்த்தலாம்.